கடைசி ஆள் வரும்வரை பிளேன்டி கிடையாது

கேத்ரின் எனக்கு எப்படிப் பழக்கம் என்று யாராவது கேட்டால், நான் மதகில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அறிமுகமானவள் என்றுதான் சொல்வேன். கேட்டவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நடந்தது அதுதான்.

நாங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருஷம். புதிதாக வந்த பெண்பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே ஒரு வீதியோட்டம் வைப்பார்கள். ஓடத் தெரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. பெயர் கொடுக்காவிட்டால் விடுதியில் அக்காமார் நிம்மதியாகத் தூங்க விடமாட்டார்கள், அவ்வளவுதான். நானோ வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிர்வீட்டுப் பிள்ளை. ரயில் சத்தம் கேட்ட பிறகு தலைவாரிக்கொண்டு கிளம்பினாலும் ஏறிவிடலாம். ரயிலுக்காகக்கூட ஓடாத ஒருத்தியைப் பிடித்து, மலையைச் சுற்றிக்கொண்டு திரும்ப மைதானத்துக்கு வா என்றால் என்ன ஆகும்? பாதி வழியில் காலையில் தின்ற பாண் வெளியே வந்துவிட்டது.

அந்த ஓட்டத்தில் முதலாவதாக மைதானத்துக்குள் வந்தவள் கேத்ரின். மூச்சுக்கூட வாங்கவில்லையாம். நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்களாம். பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

"மூணாவது வளைவுல உங்க நம்பரை யாருமே பாக்கலியே?" என்று பயிற்றுநர் கேட்டார்.

"அது லொறி போற ரோடுங்க சேர். நான் குறுக்கால வந்தேன்."

ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவள் இப்படிப் பதில் சொல்வாளா? அவள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் மேற்கணக்கு என்கிற உச்சிப் பிரிவில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்தில் தார் ரோடு என்பது லொறிக்கும் தோட்டத்தை நடத்துகிற தொரையின் வாகனத்துக்கும். அது வளைந்து வளைந்து போகும். மனுசர்கள் போவது தேயிலைக்கு நடுவே நேராக ஏறி இறங்கும் குறுக்குப் பாதையில். பள்ளிக்கூடம், கடை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு, கோயில், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் குறுக்குத்தான். அப்படிப்பட்டவள் கண்ணுக்கு முன்னால் ரோடு மூன்று முறை வளைவதையும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை ஏறுவதையும் பார்த்தால், கால் தானாகத் திரும்பாதா? மேலே போய்ச் சேர வேண்டும், சேர்ந்துவிட்டாள். ஊரில் யாரும் இதைத் தப்பென்று சொல்லமாட்டார்கள்.

மைதானமே சிரித்தது. அவளுடைய நம்பரை அடித்துவிட்டார்கள். அழுதாயா என்று பிறகொரு நாள் கேட்டேன். "எதுக்கு அழுவுறது? சுத்தித்தான் வரணும்னு மொதல்லயே சொல்லியிருக்கணும்ல" என்று அன்றைய கோபம் ஆறாமலே சொன்னாள்.

எங்கள் பெண்கள் அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டத்தில் முதலில் வந்து சேர்ந்தவள் உட்காரக் கூடாது. மற்றவர்கள் வர வர, கடைசியாக யார் மிச்சம் என்று தெரிந்ததும், வந்த வழியே திரும்பிப் போய் அந்தக் கடைசி ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மைதானத்து கேட்டுக்குள் நுழைவார்கள். அதுவரை அண்டாவில் இருக்கிற பிளேன்டியை, பால் விடாத தேத்தண்ணியை, ஒருவரும் தொடக் கூடாது. யார் தொடங்கினார்கள், ஏன் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், எங்களுக்கு முந்தியே இருந்தது என்பார்கள்.

அந்த வருஷம் அணித்தலைவி நிலுஷா அக்கா. குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, குரலை உயர்த்தாமல் எல்லாரையும் ஆட்டிவைக்கிறவர். நம்பர் அடிபட்டு நின்ற கேத்ரினிடம் வந்து, "போட்டிக் கணக்கில் நீ இல்லை நங்கி. ஆனால் முதலில் வந்து சேர்ந்தது நீதானே? அப்போ நீதான் திரும்பிப் போக வேண்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். நங்கி என்றால் தங்கச்சி. அவள் திரும்பி வந்தாள். மதகில் என்னைக் கண்டாள்.

"நீங்கதான் கடைசியாங்க?"

"பின்னால பாருங்க, வேற யாராச்சும் தெரியுதா?" என்றேன். எனக்கு வாயைத் துடைக்கக்கூடத் தெம்பில்லை. கோபம் மட்டும் இருந்தது.

"அப்ப எந்திரிங்க, போவோம். சுத்தியே போவோம். குறுக்கால போனா கணக்கில்லையாம்."

அந்தச் சிரிக்காத முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் எல்லா வளைவையும் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அத்தனை பேரும் ஆறிப்போன அண்டாவைச் சுற்றி நின்று என்னைக் கண்ணாலேயே எரித்தார்கள்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் நாங்கள் ஒரே அணி. கேத்ரின் ஓடத் தெரிந்தவள், எடுத்துக்கொண்டார்கள். என்னை எதற்கு எடுத்தார்கள்? அணிக்கு ஆறு பேர் வேண்டும். ஓடக்கூடியவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவதாக, எவ்வளவு நேரமானாலும் வந்து சேர்கிற ஒருத்தி தேவைப்பட்டாள். அப்படி வந்து சேர்வதில் என்னை அடிக்க ஆளில்லை. கேத்ரின் முதலில் வருவாள், நான் கடைசியில் வருவேன். அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசித் துண்டு வழியை நாங்கள் இரண்டு பேரும்தான் சேர்ந்து ஓடினோம். வீட்டுக் கதை, காதல் கதை, பரீட்சையில் கோட்டைவிட்ட கதை எல்லாம் அந்தத் துண்டு வழியில்தான் பேசி முடித்தோம். விடியற்காலையில் ஆற்றங்கரைப் பக்கமிருந்து பனிப்புகார் ஏறி வரும். முன்னால் போகிறவளின் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்கும். இப்போது நினைத்தாலும் நெஞ்சை என்னவோ செய்கிறது. அந்தக் காலம் திரும்ப வந்தால் வாந்தி எடுக்கவும் நான் தயார்.

மூன்றாம் வருஷம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வீதியோட்டத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். விளையாட்டுக்காரர்களைக் கௌரவிக்கிற வர்ண இரவில் அவளுக்கு பிளேசர் போட்டார்கள். கருஞ்சிவப்பு, நெஞ்சில் சின்னம், உள்ளே வழவழவென்று துணி. அந்த பிளேசருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் மைதானத்துக்குள் வந்தால், உட்கார்ந்திருக்கிற அணி எழுந்து நிற்கும்.

இவள் அதை என்ன செய்தாள் தெரியுமா? ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா அந்தோனியம்மா கொழுந்து பறித்து மகளைப் படிக்க வைத்தவர். மகளுடைய ஓட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வந்து சேர்றதுக்கு எதுக்கு புள்ள ஓடணும்?" போட்டி எல்லாம் கண்டியிலும் கொழும்பிலும் நடந்தது. பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும். அதோடு, பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு நடுவே போய் நிற்கக் கூச்சம். ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் பிளேசர் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு பனிக்குளிரில் பெரட்டுக்குப் போனார்.

"என்னா அந்தோனியம்மா, தொரை கணக்கா கோட்டு?" என்று கணக்கப்பிள்ளை கேட்டாராம்.

"எம் மக ஓடி வாங்குனதுங்க. நல்லா கதகதன்னு இருக்கு."

லீவுக்கு அவளோடு நானும் போனபோது பார்த்தேன். முழங்கையில் கொழுந்துக் கறை. கூடை உரசி உரசி முதுகு வெளுத்திருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அது என்ன சந்தையில் வாங்கின ஸ்வெட்டரா? எனக்கு மட்டும் அப்படியொன்று கிடைத்திருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பேன். ஆறாவது ஆளுக்கு யார் கொடுக்கப்போகிறார்கள்! கேத்ரினோ, "அம்மாவுக்குக் குளிருக்கு ஆகுதுல்ல, வுடுடி" என்று ஊசிநூல் எடுத்துக் கழன்றிருந்த சின்னத்தை இறுக்கித் தைத்துக் கொடுத்தாள்.

கடைசி வருஷம் அவள் அணித்தலைவி. படிப்பு முடிந்ததும் ஹட்டனிலோ கண்டியிலோ நல்ல பள்ளிக்கூடமாகக் கேட்டு வாங்கியிருக்கலாம். தன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராகப் போனாள். கணித டீச்சர். விளையாட்டும் அவள் தலையில்தான். கணவன் நிரோஷனுக்கு பொகவந்தலாவை பஜாரில் சின்னதாக ஒரு மருந்துக் கடை. நான் ஹட்டனில் பாங்க் வேலையில் ஒட்டிக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த வளைவுகளில் பஸ் ஏறிக் குடல் வாய்க்கு வரப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன்.

பழைய அணிக்காரர்களும் இப்போதைய அணியும் சேர்ந்து வருஷத்துக்கொருமுறை ஓடுவது இன்னொரு வழக்கம். ஒவ்வொரு வருஷமும் ஒரு பழைய தலைவியின் ஊரில் நடக்கும். குருநாகலில் நடந்தது, மாத்தறையில் நடந்தது, கடற்கரையிலும் நடந்தது. கேத்ரினின் முறை மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ரோடு சரியில்லை, தூரம், குளிர் என்று ஆளுக்கொரு சாட்டு. கடைசியில் இந்த வருஷம் பெப்ரவரியில் பொகவந்தலாவை என்று முடிவானது. அவள் முறை வந்தபோது அவள் கால் போயிருந்தது.

போன வருஷம் மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குப் படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்தார்கள். நடக்கலாம், ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஓட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது போன் எடுத்தாள். "நான் ஓடலடி. பிளேன்டி ஊத்திக்கிட்டு நிக்கிறேன். நான் வந்து சேர்றவரைக்கும் எல்லாரையும் பனியில காக்க வைக்கணும், பாவம்."

எனக்கு வந்ததே கோபம். "நாலு வருஷம் நான் எல்லாரையும் காக்க வச்சேன். யாரு செத்தா? என்னையக் கூட்டிக்கிட்டு வந்தவ நீதானே?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா நான் ஓடி வந்து சேர்றத ஒரு தடவகூட பாத்ததில்லடி. நம்ம ஊருல நடக்கிறப்பவாச்சும் அவங்க பாக்கணும்னு எத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாத்துட்டாங்கன்னா அதோட ஓட்டத்த வுட்டு சப்பாத்தக் கழட்டிருவேன். இப்ப நொண்டி நொண்டி வர்றதக் காட்டவா அவங்களக் கூப்புடுறது?"

"நொண்டிக்கிட்டே வா. வேன்ல மட்டும் ஏறி வந்த, உம் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஒரு பாட்டம் அழுதேன், அது வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொகவந்தலாவை பஜாரில் ஓட்டம் தொடங்கியது. மேற்கணக்குப் பள்ளிக்கூட கேட்டில் முடிய வேண்டும். பூராவும் ஏற்றம். கேத்ரின் தொடக்கத்தில் நின்றாள், சப்பாத்துப் போட்டுக்கொண்டு. நான் வேறு பக்கம் திரும்பிக் கையைக் காலை உதறினேன். பேசினால் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிடும்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் கடைசி இல்லை. எனக்குப் பின்னால் அவள் இருந்தாள். அது எவ்வளவு கேவலமான சந்தோஷம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பின்தங்கி நின்று அவளோடு போகலாம் என்று பார்த்தால், "முன்னால போடி, அவங்கவங்க ஓட்டம் அவங்கவங்களுக்கு" என்று விரட்டினாள். எங்களுக்குப் பின்னால் ஒரு வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்ந்து வந்தது, யாராவது முடியாமல் விழுந்தால் ஏற்றிக்கொள்ள.

வேலையில்லாத நாள் என்பதால் லயத்து வீட்டுச் சனமெல்லாம் தேயிலை மலையில் ஏறி நின்று பார்த்தது. நான் ஒரு வளைவு மேலே போய்க்கொண்டிருந்தபோது, பெண்கள் அவளைக் கூப்பிடுவது கேட்டது. "டீச்சர், குறுக்கால ஏறிருங்க. நாங்க யாருக்கிட்டயும் சொல்ல மாட்டோம்." ஒரு தோட்டமே அவளுக்காகப் பொய் சொல்லத் தயாராக இருந்தது. அவள் கையை ஆட்டி மறுத்துவிட்டு ரோட்டிலேயே வந்தாள்.

நான் தவழாத குறையாகக் கேட்டுக்குள் விழுந்தேன். முதலில் வந்தவள் சுலக்ஷனா, இப்போதைய அணித்தலைவி, நுவரெலியாப் பிள்ளை. எப்போதோ வந்துவிட்டாள். நான் வந்ததும் மிச்சம் கேத்ரின்தான் என்று தெரிந்து, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு திரும்பிப் போகக் கிளம்பினாள்.

அண்டா அடுப்புப் பக்கத்தில் அந்தோனியம்மா. வேலையிலிருந்து நின்று ஏழெட்டு வருஷம் ஆகிறது. வெளுத்துப்போன அந்த பிளேசர்தான் அன்றைக்கும் மேலே. கையில் கரண்டி.

"எங்கம்மா போற?" என்று சுலக்ஷனாவைக் கேட்டார்.

"டீச்சரக் கூட்டிக்கிட்டு வரப் போறேம்மா. மொதல்ல வந்தவங்கதான் போகணும், எங்க வழக்கம்."

"தெரியும், எம் மக சொல்லியிருக்கா. மொதல்ல வந்தது யாரு?"

"நாந்தாம்மா."

"விடியமுன்னமே வந்து இந்த எடத்துல அடுப்பு மூட்டுனது யாரு?"

சுலக்ஷனா என்னைப் பார்த்தாள். நான் நிலுஷா அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்து, மூட்டுவலிப் பட்டியோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். பேச்சு அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, கரண்டியைக் கீழே வைத்துச் சேலையைத் தூக்கிச் செருகுகிற அம்மாவைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. "ஹரி அம்மே, யன்ன" என்றார். சரி, போய்வாருங்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தோனியம்மா ரோட்டில் போகவில்லை. குறுக்கில் இறங்கினார். கருஞ்சிவப்பு பிளேசர் தேயிலைக்கு நடுவே விறுவிறுவென்று கீழே போவதைக் கேட்டில் நின்று பார்த்தோம். கேட்டிலிருந்து கீழே மூன்றாவது வளைவில் கேத்ரின் மதகில் உட்கார்ந்திருந்தாள். வேன் பக்கத்திலேயே நின்றது. டிரைவர் இறங்கி அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்தது, ஏறப்போகிறாள் என்று நினைத்தேன்.

அங்கே என்ன பேசினார்கள் என்பதை அவளே பிறகு சொன்னாள். அம்மா வந்து நின்றதும், "என்னா புள்ள, வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறார். வலிக்குது என்று சொல்லியிருக்கிறாள். "அப்ப எந்திரி. இப்பிடிக் குறுக்கால ஏறுனா ஒரு வெத்தல போடுற நேரம்."

"குறுக்கால வந்தா கணக்கில்லம்மா."

அம்மா ரோட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு வேன்காரரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, "சரி, சுத்தியே போவோம்" என்று முழங்கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்.

அந்தத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொண்டு, கூடை சுமந்து ஓய்ந்தவர். அந்த ரோட்டில் வளைவு வளைவாகச் சுற்றி நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இரண்டாவது வளைவில் தண்ணீர் விழுகிற ஒரு பீலியைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு பீலி இருக்கா? இத்தன வருஷம் எனக்குத் தெரியலையே" என்று நின்றுவிட்டாராம். இரண்டு பேரும் முகம் கழுவித் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். இங்கே நாங்கள் தொண்டை காய்ந்து நிற்கிறோம்.

பனிப்புகார் இறங்கிவிட்டது. அண்டா ஆறியது, சுலக்ஷனா விறகைத் தள்ளி மறுபடி சூடாக்கினாள். ஒரு பிள்ளைகூட கோப்பையைத் தொடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பழைய வழக்கத்தையெல்லாம் மதிக்கமாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

கடைசி வளைவில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். கேட்டைப் பார்த்ததும் கேத்ரின் ஓடத் தொடங்கினாள். ஓட்டமா அது? ஒரு காலைத் தூக்கி, ஒரு காலை இழுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு. பிடித்த கையை விடாமல் பக்கத்தில் அம்மாவும் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று ரோட்டிலேயே கிடந்தது. அதை எடுக்க அவர் நிற்கவில்லை.

பிளேசர் கேட்டுக்குள் வந்தது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நிலுஷா அக்கா மூட்டுவலியோடு எழுந்து நின்றார். அந்தோனியம்மா திடுக்கிட்டு, பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் போல என்று திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. நான் வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன்.

அவர் நேராக அடுப்புக்குப் போய்க் கரண்டியை எடுத்தார். முதல் கோப்பையைச் சுலக்ஷனாவிடம் கொடுத்தார். கேத்ரின் படியில் சரிந்து உட்கார்ந்து, குனிந்து சப்பாத்துக் கயிற்றில் கை வைத்தாள். கழற்றிவிடுவேன் என்று சொன்னவள் அல்லவா? எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன்.

"என்னாம்மா, கடைசியில மக ஓடி வந்து சேர்றதப் பாத்துட்டீங்களா?"

"எங்க பாத்தேன்?" என்றார் அந்தோனியம்மா. "கால் தடுக்கிரப் போவுதேன்னு ரோட்டப் பாத்துக்கிட்டுல்ல வந்தேன். அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்."

கயிற்றில் வைத்த கை அப்படியே நின்றது. கேத்ரின் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பாதி அவிழ்ந்திருந்த முடிச்சை இழுத்து இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு, பிளேன்டிக்குக் கையை நீட்டினாள்.